பால் மறக்கும் வயது

வன முகாம், கிபாலே, உகாண்டா
4 மார்ச் 2016

அன்புள்ள அப்வூலி,

நலம். நீயும் நம் மகள் அக்கீக்கியும் நலமா? தொலைபேசியில் பேசினால் சண்டையாகிறது, இனி எழுதுவோம் என்றாய். நல்ல யோசனை. கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

அண்ணன் என்னிடம் ஆள் அனுப்பியிருந்தார். நாம் பிரிந்த அன்று பெரியவர்கள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மகள் பால் மறக்கும்வரை உன்னிடம். மறந்தபின் தகப்பன் குலத்தில். நான் காட்டில் இருப்பதால் குலம் என்பது ருவிமியில் அண்ணன் வீடு. நான்கு வயதாகப் போகிறதே, இன்னுமா என்கிறார். நான் கேட்கவில்லை. அவர் கேட்டதைச் சொல்கிறேன்.

என் வேலை அப்படியே இருக்கிறது. ருகும்பா என்ற தாய்ச் சிம்பன்சியின் குட்டி எப்போது பால் குடிக்கிறது, எப்போது அத்திப்பழம் தின்கிறது என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து எழுதுகிறேன். அதன் எச்சத்தை இலையால் எடுத்துக் குப்பியில் அடைக்கிறேன். முன்பு அண்ணன் இங்கே வந்தபோது ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏன்டா, மாட்டை வித்து உன்னைப் படிக்க வச்சது குரங்குப் பீ பொறுக்கவா?" என்றார்.

"குரங்கு இல்லண்ணே, சிம்பன்சி" என்றேன்.

அந்தத் திருத்தம் அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

அராலி

ஃபோர்ட் போர்ட்டல்
13 மார்ச் 2016

அன்புள்ள அராலி,

இருவரும் நலம். தையல் கடையில் சீருடைக் கூட்டம். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் வளர்ந்துவிட்டார்கள்.

உங்கள் அண்ணன் ஆளோடு நிற்கவில்லை, போன வாரம் அவரே வந்தார். அக்கீக்கி கேழ்வரகுக் களியை வேர்க்கடலைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"இவளா பால் குடிக்கிறா? பல்லைப் பாரு, என் கையைக் குடுத்தாலும் கடிச்சுத் தின்னுடுவா!"

"தூங்கறப்ப மட்டும் குடிப்பா. சந்தேகம்னா உங்க தம்பியைக் கேளுங்க. பால் எப்ப நிக்கும்னு வெள்ளைக்காரனுக்கே சொல்றவர் அவர்தானே" என்றேன்.

அதனால் ஓர் உதவி. உங்கள் காட்டில் குட்டிகள் எந்த வயதில் பாலை நிறுத்துகின்றன? ஆராய்ச்சி நிலையத்தின் தாளில், முத்திரையோடு அண்ணனுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் பெரியவர்கள் நம்புவதில்லை. முத்திரை சொன்னால் நம்புவார்கள்.

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன செய்வேன் என்று எழுத ஆரம்பித்தேன். கீழே அடித்திருப்பது அதுதான். படிக்க முயல வேண்டாம்.

அப்வூலி

வன முகாம், கிபாலே
2 ஏப்ரல் 2016

அன்புள்ள அப்வூலி,

எழுதி அனுப்பினேன். நான்கு முதல் ஐந்து வயது, சில குட்டிகளுக்கு அதற்கு மேலும். பெரியவர்கள் கூட்டத்தில் அண்ணன் அதை உரக்கப் படித்தாராம். ஒருவர், "அப்ப நாளைக்கு நம்மையும் மரத்துல கூடு கட்டித் தூங்கச் சொல்லுவானா?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், "முத்திரை இருக்கில்ல, விடுப்பா" என்றாராம். வாழைப்பழக் கள் வந்ததும் பேச்சு அதோடு முடிந்தது. உனக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ருகும்பாவின் குட்டி தினமும் தாயிடம் வாய் வைப்பதைப் பார்த்து, 'பால் குடித்தது' என்று எழுதிவந்தேன். எச்சம் வேறு சொல்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக அதன் வயிற்றுக்குள் பழமும் இலையும் தவிர எதுவும் போகவில்லை. வாய் அங்கே இருக்கிறது, பால் இல்லை. நான் எழுதியதெல்லாம் தவறு என்பதில் பேராசிரியருக்கு மிகுந்த மகிழ்ச்சி. நல்ல கட்டுரை வருமாம்.

இதை நான் அண்ணனுக்கு எழுதவில்லை. உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்தப் பகுதிக்குப் பதில் வேண்டாம்.

அராலி

ஃபோர்ட் போர்ட்டல்
20 ஏப்ரல் 2016

அன்புள்ள அராலி,

பதில் வேண்டாம் என்ற பகுதிக்குப் பதில்: ஆமாம், இங்கேயும் அப்படித்தான். நீங்கள் பிரிந்துபோன வருடம் எனக்கு மலேரியா வந்ததே, அப்போதே பால் வற்றிவிட்டது.

இனி மறைத்துப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். சண்டைக்கு இல்லை, சும்மா பார்க்கத்தான். அண்ணன் அவளை மடியில் வைத்துக் கரும்பு நறுக்கிக் கொடுத்தார். விளையாட்டாகக் கேட்டார்:

"ஏன்டி, கரும்பு இனிக்குதா, அம்மா பால் இனிக்குதா?"

"கரும்புதான் பெரியப்பா. அம்மாகிட்ட ஒண்ணும் வராது."

"அப்புறம் எதுக்குக் குடிக்கிற?"

"குடிக்கலேன்னா அம்மா அழுவாங்க."

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அண்ணிதான் அக்கீக்கியின் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கீக்கி எனக்குக் கை காட்டிவிட்டு அவர்களோடு போனாள்.

இத்தனை நாள் நான்தான் அவளுக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் தகப்பன். நீங்கள் ஒரு சொல் சொன்னால் அண்ணன் திருப்பி அனுப்புவார். சொல்வீர்களா?

அப்வூலி

வன முகாம், கிபாலே
6 மே 2016

அன்புள்ள அப்வூலி,

கடிதம் கிடைத்ததும் ருவிமிக்குப் போனேன். வெளியே போய் வந்தவன் மனிதச் சளியைச் சிம்பன்சிகளிடம் கொண்டுபோகக் கூடாது என்று இப்போது என்னை முகாமில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். எழுத நேரம் நிறைய இருக்கிறது. ஆனாலும் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

அண்ணன் தடுக்கவில்லை. "கூட்டிட்டுப் போடா. நான் என்ன சிறுத்தையா, பிள்ளையைப் பிடிச்சு வச்சுக்க?" என்றார்.

அக்கீக்கி ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட போலாமா?"

"போலாம்ப்பா!" என்று செருப்பை எடுக்க ஓடினாள். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் வைத்தபடி திரும்பி வந்தாள்.

"போனா மறுபடியும் அதைச் செய்யணுமா?"

இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். இருந்தும் "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்டா" என்றேன். அவள் "சரி" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பேருந்து வரும்வரை எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் ஏறினேன்.

என்ன சொல்லட்டும்?

அராலி

ஃபோர்ட் போர்ட்டல்
15 மே 2016

அன்புள்ள அராலி,

இனி அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா இப்போது அழுவதில்லை என்றும் சொல்லுங்கள்.

ஆனால் அழைத்து வராதீர்கள். இங்கே வந்தால் என் முகத்தைப் பார்த்ததும் அவளாகவே மடியில் ஏறிவிடுவாள். யாரும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. அதை இரண்டு வருடமாகப் பார்த்துவிட்டேன்.

அந்த இன்னொரு செருப்பையும் மாட்டிவிட்டு, விளையாடப் போகச் சொல்லுங்கள்.

அப்வூலி