சிவப்புப் பொடி

3 பிப்ரவரி 1953, செவ்வாய்

யானைக்கால் ஒழிப்பு ஆபீஸ் வேலையாக, ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையோரம் பிடித்த கொசுக்களுக்குச் சிவப்புப் பொடி தூவி மாலையில் திறந்துவிட்டோம். சர்ச்சுக்கு அந்தப் பக்கத்துச் சாக்கடைக்கு மஞ்சள். எந்த நிறக் கொசு வீடுகளில் அதிகம் சிக்குகிறதோ, அந்தச் சாக்கடைக்கு இந்த வருடம் சிமெண்ட் மூடி. ஒன்றுக்குத்தான் அனுமதி. என் மனைவி இருதயத்துக்கு மாதா மாதம் கால் வீங்கிக் காய்ச்சல் வருகிறது. அது யானைக்காலாகும் முன்னே எங்கள் சாக்கடையை மூடவேண்டும்.

4 பிப்ரவரி

படகுக்கார அம்புரோஸ் என் வாசலில் நின்று தெரு ஜனத்தையே கூட்டிவிட்டான். "நோவுக் கொசுவ புட்ச்சி, மருந்து தூவி, நம்ம மேலயே வுட்டுகினு கீறான். அதுக்குச் சம்பளம் வேற."

விளக்கிச் சொன்னேன். சிரித்தார்கள். இந்தக் கும்பலுக்காகவா நான் சாக்கடையில் இறங்குகிறேன்?

5 பிப்ரவரி

விடியலில் வீடு வீடாகக் கொசு பிடிக்கப் போனேன். தட்டித் தட்டித்தான் திறக்கும் கதவெல்லாம் இன்று திறந்தே கிடந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உள்ளே ஒரே புகை. அம்புரோஸ் பழைய தார்க்கயிற்றை வெட்டி வீட்டுக்கு வீடு கொடுத்து, ராத்திரி முழுக்கச் சட்டியில் எரிக்க வைத்திருக்கிறான்.

"நல்லா தேடு மாமு. உன் கொசு ஒண்ணாவது கீதா?"

அடிக்கக் கை ஓங்கினேன். தடுத்துவிட்டார்கள்.

என் வீட்டிலும் சட்டி இருந்தது. இருதயம் தலை நிமிரவில்லை. "எல்லா பொம்பளைங்களும் புகை போடறப்போ, நா மட்டும் சும்மா குந்தினா காறித் துப்புவாளுங்க." மூன்று நாள் அவளோடு பேசுவதாக இல்லை.

8 பிப்ரவரி

இன்றும் புகை. சனியன்கள்.

10 பிப்ரவரி

ஆபீசில், இரண்டு பக்கத்து வீடுகளிலும் பிடித்த கொசுக்களை வெள்ளைக் காகிதத்தில் வைத்து ஸ்பிரிட் சொட்டு விட்டோம். மஞ்சள் மஞ்சளாகக் கசிந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

புகை போட்டுவிட்டார்கள், இன்னொரு தடவை விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். "உங்க வீட்லயே ஒண்ணும் கிடைக்கலையே ஸ்டானிஸ்லாஸ்," என்றார். "புகையிலே தீருதுன்னா மூடி எதுக்கு?" மஞ்சள் சாக்கடைக்கே மூடி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் வீட்டில். அதைத்தான் சொல்லிக் காட்டினார்.

16 மார்ச்

சர்ச்சுக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. எங்கள் ஜனம் கும்பலாகப் போய் வேடிக்கை பார்க்கிறது. அனுபவிங்கடா.

2 ஏப்ரல்

இருதயத்துக்கு நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல். இந்தத் தடவை வீக்கம் வடியவில்லை. பாதத்தில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

சாயங்காலம் அம்புரோஸ் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். "எங்கம்மாவுக்கும் கால் ஊதிகினு கீது, மாமு. அந்தப் பவுடர மறுபடி போடச் சொல்லேன். புகை போடாம நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்தினேன். வெகுநேரம் அவன் போகவில்லை. உள்ளே இருதயம், "யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.