கழுத்துத் திரும்பிய செய்தி

கோப்பாய்
12.2.1937

அன்பு மனைவி கனகாம்பிகைக்கு,

முருகன் அருளால் சுகமாயிருக்கிறேன். திருகோணமலையில் மழை விட்டதா? உன் இருமல் எப்படி?

பத்து நாளைக்கு முன், குறுக்கே வந்த மாட்டுக்காக விலக்கியபோது முதலாளியின் கார் மதகில் இடித்துவிட்டது. அவருக்குக் காயமில்லை. எனக்குத்தான் கழுத்துப் பிடித்து, பின்னால் பார்க்க முடியாமற் போனது. சாரதி வேலை போய்விடுமோ என்று பயந்தேன். மருதனார்மடத்து முறிவு வைத்தியர் எண்ணெய் பூசித் தடவிப் பார்த்தார்.

"எலும்பு முறியேல்லை, பிசகித்தான் இருக்கு. மூச்சை விடும், நான் திருப்புறன்" என்றார்.

ஆறாம் நாள் தலை இரு பக்கமும் திரும்பியது. இன்று முதலாளி, "ஏரம்பு, கொடிகாமம் போவம், காரை எடும்" என்றார். மனம் நிறைந்துவிட்டது.

தலையணை வேண்டாம், துணியை மடித்துக் கழுத்தடியில் வைக்கும்படி வைத்தியர் சொன்னார். இங்கே துணிக்குக் குறைவில்லை. ஆனாலும் நீ உடுத்த பழைய சேலை ஒன்றை அனுப்பு. தோய்க்க வேண்டாம்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன்
ஏரம்பு