பங்கிராஸ் சும்மா இருந்த வாரம்

மார்ச் 24, 1957. ஞாயிறு

பெங்களூர் பட்டாளத்திலிருந்து பங்கிராஸ் வந்தான். தம்பி மகன். தாய் தகப்பன் இல்லை. லீவு என்றால் என் வீடுதான். பட்டாளத்துப் படகுப் பந்தயக் கோஷ்டியில் துடுப்பு போடுகிறான். ஏப்ரல் எட்டாம் தேதி பெரிய பந்தயம். அதற்கு முன்னால் ஒரு வாரம் உடம்பை ஆறப்போட வேண்டுமாம். ஹவில்தார் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நன்றாகத் தூங்கு, நன்றாகச் சாப்பிடு, தினம் அரை மணி மெதுவாகத் துடுப்பு போடு, பாரம் தூக்காதே.

பிள்ளை பெற்றவளுக்குக்கூட எங்கள் ஆவூரில் இப்படி ஒரு சீட்டு யாரும் எழுதித் தந்ததில்லை.

மார்ச் 26. செவ்வாய்

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம். நான் ஒருசந்தி, ஒரு வேளைச் சோறுதான். இவன் என் எதிரில் உட்கார்ந்து நாலு முட்டை தின்றான். "பட்டாளத்தாளுக்கு நோன்புலேருந்து சாமியாரே விலக்குக் குடுத்திருக்காரு அத்தை" என்று விரலை வேறு நக்கினான். சீ! எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் கண்மாயில் யாருடைய பனந்தோணியிலோ ஏறி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி அரை மணி துடுப்பு போட்டான். வந்து பாயில் விழுந்தான். "ஓயாம அடிச்ச ஒடம்பு சும்மா கெடந்தாத்தான் வலுக்கும் அத்தை" என்கிறான்.

"சும்மா கெடந்து வலுக்கிறது எருமைடா" என்றேன். சிரிக்கிறான், வெட்கங்கெட்டவன்.

மார்ச் 27. புதன்

கிணற்றடியில் இன்னாசியம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன்க்கா, ஒங்க மருமவனுக்குப் படுக்கிறதுக்கா சம்பளம்?" பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

மார்ச் 28. வியாழன்

கோயில் உபதேசியார் மைக்கேல்சாமியிடம் சொல்லிவிட்டேன். நாளைச் சிலுவைப்பாதையில் பதினாலு ஸ்தலத்துக்கும் பெரிய சிலுவையைத் தூக்குவது பங்கிராஸ் நேர்ச்சை என்று. அவனைக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க? சோம்பல் தலையான பாவம் ஏழில் ஒன்று.

மார்ச் 29. வெள்ளி

உபதேசியார் சபை நடுவில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பங்கிராஸ் என் பக்கம் குனிந்து, "அத்தை, பாரம் தூக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றான்.

"சேசுவுக்கு யாரும் சீட்டு எழுதிக் குடுத்தாகளா?" என்றேன். பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். ஊர் பூராவும் பார்த்துக்கொண்டு நின்றது. எழுந்து போய்த் தூக்கினான்.

பதினோராம் ஸ்தலத்தில் கால் இடறிற்று. சிலுவை கீழே விழாமல் வலது தோளில் வாங்கினான். முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் பதினாலு ஸ்தலமும் முடித்துத்தான் இறக்கினான்.

ராத்திரி ரொம்பத் திருப்தியாகச் செபம் சொன்னேன். எழுதி வைக்கிறேன், அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 30. சனி

வலது கை காது உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். "ஒண்ணுமில்ல அத்தை, சரியாப் போயிரும்."

மார்ச் 31. ஞாயிறு

டிரங்குப் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஏப்ரல் 12. வெள்ளி

கார்டு வந்தது. பந்தயத்தில் இவன் இல்லை. மரத்தில் விளையாட்டாக ஏறி விழுந்தேன் என்று ஹவில்தாரிடம் சொன்னானாம். சொன்ன பேச்சைக் கேட்காதவன் கோஷ்டிக்கே வேண்டாம் என்று பேரை அடித்துவிட்டாராம். 'உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை அத்தை. யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா?'

முழங்காலாம்! ஏன்டா, ஒரு வார்த்தை திட்டி எழுதினா என்னடா?

அவன் முட்டை தின்னதைப் பாத்துக் குமட்டுச்சே எனக்கு — இப்ப என் வாயை எந்தத் தண்ணியில கொப்புளிக்கிறது? கிணத்தடியில ஒருத்தி சொன்ன ஒரு சொல்லுக்காகத்தானே அவன் தோள்ல சிலுவையை வச்சேன். சேசுவுக்காகன்னு யார்ட்ட சொல்றது? சீ.

ஏப்ரல் 13. சனி

ஹவில்தார் மதுரைப் பக்கத்துக்காரர், தமிழ் படிப்பார். அவருக்குக் கார்டு எழுதினேன்.

'ஐயா, பங்கிராஸ் மரத்தில் ஏறவில்லை. உங்கள் சீட்டை மீறினது அவனில்லை, அவன் அத்தை நான். அவனைக் கேட்காமல் நேர்ச்சை சொல்லி, ஊர் முன்னால் தூக்க வைத்தேன். தோள் ஆறினதும் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.'

தபால்கார மலையாண்டி நின்ற இடத்திலேயே படித்துவிட்டான். "கவருல போட்டுக் குடுங்க ஆத்தா. கார்டுன்னா போற வழியெல்லாம் படிப்பாக. இன்னாசியம்மா காதுக்கு இன்னைக்கே போயிரும்" என்றான்.

"போகட்டும். நீ பையில போடு" என்றேன்.