மழைக்கு முன் முடித்த வேலைகள்

பலெர்மோ, ஒக்டோபர் 28

அமலினியின் அப்பாவுக்கு,

"நீ கூரையிலை ஏறாதை, மழைக்கு முன்னம் நான் வந்து பாக்கிறன்" என்று மூன்றாவது வருடமாகவும் மிலானோவிலிருந்து சொன்னீர்கள். இந்த முறை நான் காத்திருக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நானே ஏறினேன். அமலினி ஏணியைப் பிடித்தாள். மழைநீர் வழியும் கூரைப் பீலி முழுவதும் காய்ந்த இலையும் புறா எச்சமும். இரண்டு வாளி நிறைய அள்ளினேன். உடைந்த ஓடுகளை மாற்றினேன். முற்றத்து எலுமிச்சையில் பட்டுப்போன கொப்புகளையும் வெட்டினேன்.

இறங்கும்போது கால் வழுக்கியது. விழவில்லை. பிள்ளைதான் பயந்து கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அம்மா, அங்கையும் அப்பாவுக்கு ஒரு வீடு இருக்குதாமே? அந்தக் கூரையை அவர்தான் பாக்கிறவரோ?"

பன்னிரண்டு வயது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கை கழுவப் போய்விட்டேன். பதிலை நீங்களே அவளுக்கு எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

வாசல் கதவு போன மாரியில் ஊறி உக்கிப்போயிருந்தது. அதையும் பூட்டோடு மாற்றியாயிற்று. உங்களிடம் இருக்கும் திறப்பு இதற்குச் சேராது. கிறிஸ்மசுக்கு வந்தால் தட்டுங்கள். யார் என்று கேட்டுவிட்டு, திறப்பதா என்று அவள் முடிவு செய்வாள்.

உங்கள் மகளின் அம்மா