கையெழுத்துக்கு முந்தைய நிமிடம்

மத்தியானம் பாஸ்போர்ட் இருக்கும் ஃபைலை உதறினேன். உன் பச்சை இன்ஹேலர் உருண்டு விழுந்தது. தாய்லாந்தில் எல்லார் சட்டைப் பையிலும் இருக்குமே, அந்தக் கற்பூர வாசனைக் குப்பி. என் மகள் அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "யாருதும்மா?" என்றாள். "ஒரு பெரியம்மாவோடது." "அவங்க எங்க?" வெங்காயம் நறுக்கணும் என்று உள்ளே போய்விட்டேன்.

நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. இந்தக் கடிதம் அப்போதே எழுதியிருக்க வேண்டியது. விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் உன் ஊர் ஸ்ரீமுஷ்ணம் எவ்வளவு தூரம்? உன் காரியத்துக்குக்கூட நான் வரவில்லை. குழந்தைக்கு வீசிங் என்று சொல்லியனுப்பினேன். வீசிங் உண்மைதான். ஆனால் காரணம் அதில்லை.

தாய்லாந்திலிருந்து ஒரு பள்ளி மறுபடி என்னை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் வேலை பார்க்கும் செராமிக் சூளையில் வாரத்தில் மூன்று நாள்தான் நெருப்பு, போகத்தான் வேண்டும். ஆனால் மகளின் விசா என் விசாவை நம்பி, என் விசா அந்தப் பள்ளியை நம்பி. பள்ளி சரியில்லை என்று நான் விலகினால், விலகும் நாளோடு இரண்டு பேருக்கும் முடிந்தது. அந்நிய ஊரில், இழுப்பு உள்ள பிள்ளையோடு. இதையெல்லாம் உன்னிடம்தான் கேட்பேன்.

அங்கே நாம் சேர்ந்து வேலை பார்த்த பள்ளியில் அப்படித்தானே மாட்டிக்கொண்டேன். வேறு பள்ளி என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னதுமே அம்மா போனில், "வர்ற புதங்கெழம நல்ல நாளு, கடுதாசிய குடுத்துடு" என்றாள். புதன்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால், இன்றோடு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். புதுப் பள்ளியின் காகிதம் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

ஆசிரியர் அறையில் நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஏண்டி, நல்ல நாளு பாத்த உங்கம்மா விசா முடியற நாள பாக்கலியா? இன்னியோட வேல இல்லன்னா இன்னியோட விசாவும் இல்லடி. மூட்டையக் கட்டு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"சொல்றதுக்கு நீ எங்க கேட்ட? பஞ்சாங்கத்த இல்ல கேட்ட!"

அழுகையிலும் சிரித்துவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாய். கடிதம் இன்னும் அவர் மேசையில்தான் இருந்தது. உன் அரைகுறை தாய்லாந்து மொழியில் கெஞ்சினாய், ஜோக்கடித்தாய், கும்பிட்டாய். தேதியை மாதக் கடைசிக்குத் திருத்தித் தர அவர் சம்மதித்தார். ஆனால் நீயும் வேறு பள்ளிக்கு மாறக் கேட்டிருந்தது அவருக்கு நினைவிருந்தது. ஒரே பருவத்தில் இரண்டு பேரை விட முடியாது, ஒருத்தர் இருந்தாக வேண்டும் என்றார்.

"அவ போகட்டும். நா இருக்கேன்" என்றாய்.

உனக்கு வந்திருந்த வேலை மலைப்பக்க ஊரில். அந்தக் குளிர் உன் தலைவலிக்கு நல்லது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். ஒரு பருவம் இரண்டு வருஷமாயிற்று. கடைசியில் ஊருக்கு வந்தாய். ஒரு காய்ச்சல், ஐந்தே நாள்.

நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. "ஒரு டெர்முதானடி, ஓடிப்போயிடும்" என்றதோடு சரி. சொல்லிக்காட்டியிருந்தால் உன் வீட்டு வாசலுக்கு வந்திருப்பேனோ என்னவோ.

நேற்று, இப்போது கூப்பிடும் பள்ளிக்கு எழுதினேன். வேலை மாற வேண்டி வந்தால் முன்கூட்டியே விடுவிப்புக் கடிதம் தருவீர்களா, குழந்தையின் விசாவுக்கு எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும், எழுத்தில் வேண்டும் என்று. அம்மா நாள் பார்க்க வந்தாள். "பேப்பரு வர்ற நாளுதாம்மா நல்ல நாளு" என்றேன். சொன்னபிறகுதான் அது உன் குரல் என்று தெரிந்தது. எழுத்தில் தந்தால் போவேன். தராவிட்டால் போகமாட்டேன், இந்த முறை எனக்காக நிற்க அங்கே யாரும் இல்லை.

ஆனால் இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ "நா இருக்கேன்" என்றதும் தலைமையாசிரியை கண்ணாடியைத் தேடினார். இழுப்பறையில் இல்லை, பையில் இல்லை, கடைசியில் தலையில் இருந்தது. பிறகுதான் பேனாவைத் திறந்தார். அவ்வளவு நேரமும் நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.