வாசலுக்கு வந்த பேப்பர்

அண்ணே, எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது. இன்று காலை பேப்பரைப் பிரித்ததும் மை வாசனை வந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

நாம் பழகியது உலகச் சண்டை நடந்த வருஷங்களில். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து நூல் மூட்டைகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, பொதட்டூர்பேட்டையில் உங்கள் தறிக் கொட்டகை வாசலில் இறக்குவேன். சேரிக்காரன், அதற்குமேல் உள்ளே வரமுடியாது. ஞாயிறுதோறும் நீங்கள் பேப்பர் படிக்க, நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எல்லோரும் ஒன்றாகக் கத்தாமலிருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள்: பேப்பர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம்.

அன்று ஏதோ தூரதேசத்து ரயிலைப் பற்றிப் படித்தீர்கள். வெள்ளைக்காரருக்கு ஒரு பெட்டி, கறுப்பு மனிதருக்கு வேறு பெட்டியாம். மனுஷனை மனுஷன் இப்படியா நடத்துவது என்று ஆளுக்கு ஆள் பேப்பரை வாங்கிக் கொதித்தார்கள். எனக்கும் கொடுங்கள் என்று வாசலிலிருந்து கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யோசித்தேன். இந்த வண்டி வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது.

"உனுக்கு இன்னாத்துக்குபா? படிக்கத் தெரியுமா?" என்று மூலைத்தறிக்காரர் சிரித்தார். இன்னொருவர், நானே எடுத்துக்கொள்ளட்டும் என்று பேப்பரை வாசற்படியில் வைக்கக் குனிந்தார். நீங்கள் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, அதை வாங்கி என் கையில் கொடுத்தீர்கள்.

"படிக்கிறதுக்கு நான் கீறேன். நீ பேசு நைனா."

"அந்த ரயிலு தப்புன்றீங்க. நான் மட்டும் ஏன் வெளியவே நின்னுகினு கேக்கறேன்?"

 உள்ளே வந்து குந்தச் சொன்னீர்கள், குந்தினேன். மூலைத்தறிக்காரர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் பாதிக் கொட்டகை காலி. நீங்கள் கொஞ்சமும் குரலைக் குறைக்காமல் படித்தீர்கள். சண்டைச் சேதி கேட்காமல் அவர்களால் எத்தனை நாள் இருக்கமுடியும்? ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், மூலைத்தறிக்காரர் உட்பட.

நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு மிஷன் பள்ளி டீச்சரம்மாவிடம் எழுத்து கற்றேன். இன்று கொட்டகையில் படித்தது நான்தான் அண்ணே. நடுவில் திக்கினேன். "மெதுவா படி பாவா, யாரு தொரத்தறாங்க?" என்றார் மூலைத்தறிக்காரர். பாவா என்று, உறவுக்காரனைக் கூப்பிடுவது போல.

பிறகு பேச்சு தெருக்கிணற்றுக்கு வந்தது. சேரி ஜனங்கள் அதில் தண்ணீர் எடுக்கலாம் என்று சிலர், கூடாது என்று சிலர். பெரிய சண்டை. ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அடுத்த ஞாயிறும் கிணற்றைப் பற்றித்தான் கேட்பேன். என்ன சொன்னார்கள் என்று அன்று சாயங்காலமே எழுதுகிறேன். நீங்கள் திறந்துவிட்ட வாய், இனி மூடாது.