ஜாடி மேஜை

ஜூலை 8, 2024. திங்கள்

ஜாடி அச்சு இன்று கை நழுவியது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. பெரிய ஊறுகாய் ஜாடிக்கான பிளாஸ்டர் அச்சு. மண் கரைசலை விளிம்பு வரை ஊற்றி, உள்ளே சுவர் பிடித்ததும் அச்சோடு தூக்கிக் கவிழ்த்து மிச்சத்தை வடிக்க வேண்டும். கை உதறினால் சுவர் சரிந்துவிடும். சரிந்தது. அச்சின் விளிம்பும் உடைந்தது.

"பரவால்லக்கா, வயசாவுதுல்ல" என்றார் ராஜமாணிக்கம். முதலாளி. அப்பா வைத்துவிட்டுப் போன கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நாற்பத்தொன்று. மாடி ஏறினால் அவர் மூச்சு வாங்கும் சத்தம் சூளை வரை கேட்கும். எனக்கு நாற்பத்தொன்பது. வயசைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

ஆனாலும் கை ஏன் நழுவியது? சாப்பிட்டுவிட்டுத்தானே போனேன்.

ஜூலை 11. வியாழன்

தீட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. பகலெல்லாம் அசதி, விடிகிற நேரத்தில் வேர்வை. இடுப்பில் மட்டும் சதை. ரவிக்கைக் கொக்கி மாட்டவில்லை. "இதுக்கு மேல பிரிச்சு விடத் துணி இல்லம்மா" என்றார் தையல்காரர், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

ஜூலை 14. ஞாயிறு

வீட்டில் இவர் எடை பார்க்கும் எந்திரம் வாங்கி வந்திருக்கிறார். முதலில் தானே ஏறி நின்றார். எண்ணைப் பார்த்தார். "மிஷினு கொஞ்சம் கூடக் காட்டுது" என்றார். பிறகு என்னை ஏறச் சொன்னார். எனக்கு மட்டும் மிஷினு சரியாகக் காட்டியதாம். அறுபத்தொன்பது என்று காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதினார்.

"எல்லாம் சோறுதான் சாவித்திரி. நைட்ல நிறுத்திடு. செல்லுல சொன்னாங்க."

கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் பஸ்ஸில் பார்த்த கூட்டம் போதாதென்று இப்போது செல்லில் கூட்டம் கூட்டமாக வைத்தியர்களைப் பார்க்கிறார். இதைச் சொல்லிவிட்டு மூன்றாவது தோசைக்குக் கையை நீட்டினார்.

ஜூலை 26. வெள்ளி

ஆடி வெள்ளி விரதம். ராத்திரிச் சோறும் இல்லை. டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான்.

ஆகஸ்ட் 12. திங்கள்

நாலு கிலோ குறைந்திருக்கிறேன். தெருவுக்கே தெரியும், இவர் சொல்லிவிட்டார். எதிர் வீட்டு ஆண்டாள், "என்னாக்கா இப்படி எளச்சுட்டீங்க, சூப்பரா இருக்கீங்க" என்கிறாள். போன மாதம் வரை நான் என்ன அசிங்கமாகவா இருந்தேன்? ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது. வெட்கம் கெட்ட மனசு.

கம்பெனியில்தான் கதை வேறு. அச்சு முன்னைவிடக் கனக்கிறது. இன்று இரண்டு ஜாடி போயிற்று. சாயங்காலம் ராஜமாணிக்கம் எல்லோரையும் கூட்டி, எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, புது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காட்டினார்.

"அக்கா இனிமே ஒக்காந்து வேலை செய்யட்டும். பஞ்சு வச்சு ஜாடிய தொடைச்சுக் குடுத்தா போதும்."

கை தட்டினார்கள். ஜாடி மேஜை இனி கூட வேலை செய்கிற அன்புக்கரசிக்கு. அவளுக்கு இருபத்தெட்டு. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பல்லைக் காட்டிக்கொண்டு சால்வையோடு போட்டோவுக்கு நின்றேன். பொணத்துக்கு மாலை போட்டா அதுவும் சிரிக்கவா செய்யுது?

ஆகஸ்ட் 30. வெள்ளி

கக்கூஸில் எழுந்திருக்க முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். குழாய் ஆடுகிறது. இன்னொரு நாள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் தண்ணீரும் நானும் கிடக்க வேண்டியதுதான்.

வெளியே வந்தால் இவர் எந்திரத்தோடு நிற்கிறார். இன்னும் அரைக் கிலோ குறைந்திருக்கிறதாம். சந்தோஷப்படுகிறார்.

செப்டம்பர் 3. செவ்வாய்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தரையிலிருந்து எழ நான் பட்ட பாட்டை அன்புக்கரசி பார்த்துவிட்டாள். சாயங்காலம் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போனாள். பெண் டாக்டர், மதிவதனி என்று பெயர். என் மகளாக இருக்க வேண்டிய வயசு. இது என்னத்தைச் சொல்லிவிடப் போகிறது என்று உட்கார்ந்தேன்.

"கைய நெஞ்சு மேல கட்டிக்கிட்டு எந்திரிங்கம்மா."

கம்பெனியில் எனக்குக் கொடுத்த அதே மாதிரி நாற்காலி. எழ முடியவில்லை. இரண்டாவது தடவையும் முடியவில்லை. அந்தப் பெண் சிரிக்கவில்லை, வயசாகிறது என்றும் சொல்லவில்லை.

"தீட்டு நிக்கிற சமயத்துல ஹார்மோன் கொறையும். அதோட சேந்து சதையோட பலமும் கொறையும், கொழுப்பு வயித்துல போய் ஒக்காரும். வயசும் ஒரு காரணம்தான். நீங்க பட்டினி வேற கெடந்திருக்கீங்க. எறங்குன நாலர கிலோவும் கொழுப்பு இல்லம்மா. சதையும் போயிருக்கு."

அப்புறம் அவள் சொன்னதுதான் வேடிக்கை. முட்டை, பயறு, மீன் சாப்பிடணுமாம். கனம் தூக்கணுமாம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி.

"அதத்தாம்மா பதினெட்டு வருசமா தூக்கிக்கிட்டு இருந்தேன். புடுங்கி நாற்காலி குடுத்துட்டாங்க" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தாள். "திரும்பக் கேளுங்க" என்றாள்.

கேட்கணுமாம். சொல்வது சுலபம். ரத்தம் குறைவு என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

செப்டம்பர் 7. சனி

பிள்ளையார் சதுர்த்தி. சுண்டலை ராத்திரியும் சாப்பிட்டேன். இவர் பதறிப் போனார். "ஏறிடும் சாவித்திரி." ஏறட்டும். நான் என்ன இவர் பஸ்ஸா, ஏறுவதை எல்லாம் இவர் எண்ணிக்கொண்டிருக்க?

செப்டம்பர் 20. வெள்ளி

ராஜமாணிக்கத்திடம் கேட்டுவிட்டேன். ஜாடி மேஜை திரும்ப வேண்டும் என்று.

"ஏங்க்கா, பாக்கவே நல்லா எளச்சு அழகா இருக்கீங்க. எதுக்கு இந்த வேலை? அச்சு ஒடைஞ்சா யாரு பொறுப்பு?"

இளைத்த அழகை வைத்து ஜாடி வார்க்க முடியுமா? முடியும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

"பொங்கல் கழிச்சு ஒரு நாள் எல்லார் முன்னாடியும் ஊத்திக் கவுத்துக் காட்றேன் தம்பி. சரிஞ்சா நாற்காலியிலயே ஒக்காந்துக்கறேன். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே சரி என்றார். அது போதும்.

அக்டோபர் 4. வெள்ளி

மதிய இடைவேளையில் சின்ன அகல் அச்சுகள். அடுத்தது கிண்ண அச்சு. காலியாகத்தான். அன்புக்கரசி வாசலில் நின்று காவல் காக்கிறாள். திருட்டு வேலை செய்கிறவள் மாதிரி நான் கனம் தூக்குகிறேன்.

அக்டோபர் 19. சனி

முட்டை. பயறு. மறுபடி முட்டை.

நவம்பர் 11. திங்கள்

நின்றுவிட்டது என்று நினைத்தது திரும்ப வந்தது. ஒரு வாரம் கொட்டித் தீர்த்துவிட்டது. எழுந்தால் கண் இருட்டுகிறது. டாக்டரிடம் ஓடினேன், ஸ்கேன் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை, இந்தக் காலத்தில் இப்படித் தாறுமாறாக வருவதுண்டு, ரத்தம் ஏறும் வரை கனம் வேண்டாம் என்றாள். அவளுக்கென்ன, வேண்டும் என்பாள், வேண்டாம் என்பாள்.

என்னா ஒடம்புடி இது? ஏறுன்னா எறங்குது, நில்லுன்னா ஓடுது. நாப்பத்தொம்பது வருசம் ஒனக்கு ஒழைச்சுக் கொட்டிருக்கேன், எனக்கு ஒரு ஆறு மாசம் ஒழைக்க மாட்டியா?

அழுதேன். அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

நவம்பர் 13. புதன்

காலையில் தட்டில் இரண்டு முட்டை உரித்து வைத்திருந்தது. இவர்தான். பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விட்டது. உப்பும் இல்லை. பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தார், தலைகீழாகப் பிடிக்காததுதான் பாக்கி.

சாப்பிட்டேன்.

டிசம்பர் 5. வியாழன்

மழை. அச்சுகள் காயவில்லை, கம்பெனியில் பாதிப் பேர் வரவில்லை. நான் போனேன். ரத்தம் ஏறிவிட்டது, மெதுவாகத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஜாடி அச்சை, காலியாக, இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். இறக்கினேன். மறுபடி தூக்கினேன்.

குழாயைப் பிடிக்காமல் எழுந்து எத்தனை நாளாயிற்று? யோசித்துப் பார்த்தால் ஞாபகம் இல்லை.

ஜனவரி 20, 2025. திங்கள்

பொங்கல் முடிந்தது. ராஜமாணிக்கம் வாக்கை மறந்தது போல் நடித்தார். நான் மறக்கவில்லை. "நீங்க மொதல்ல பாத்துக்கங்கக்கா, சுலபமில்ல இது" என்று, எனக்குப் புத்தி சொல்வதற்காகத் தானே ஒரு அச்சைத் தூக்கினார். நிறைய கரைசலோடு. ஜிம்முக்குப் போகிறவர் போடும் ஷூ காலில்.

பாதியில் முழங்கை நடுங்கியது. கவிழ்க்கவில்லை, கொட்டினார். சுவர் சரிந்து கரைசல் ஷூவிலும் வேட்டியிலும் வழிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் நாற்காலி.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"பரவால்ல தம்பி, வயசாவுதுல்ல" என்றேன்.

அப்புறம் அடுத்த அச்சைத் தூக்கினேன். கனத்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகக் கனத்தது. தொடையில் பாரத்தைக் கொடுத்து, மூச்சை விட்டு, மெதுவாகக் கவிழ்த்தேன். வடிந்தது. சாயங்காலம் அச்சைப் பிரித்தபோது ஜாடி ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது.

அன்புக்கரசி தன் பொருள்களை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள். "இடுப்பு வுட்டுப் போச்சுக்கா, நீங்களே வச்சுக்குங்க" என்றாள். நாளையிலிருந்து அவளுக்கும் தூக்கச் சொல்லித் தர வேண்டும். இருபத்தெட்டில் இடுப்பாம்.

பிப்ரவரி 16. ஞாயிறு

இவர் எந்திரத்தில் ஏறச் சொன்னார். அறுபத்தெட்டு. "எல்லாம் வீணாப் போச்சே சாவித்திரி" என்றார், உண்மையாகவே வருத்தத்தோடு. ரவிக்கை இடுப்பில் சரியாக இருக்கிறது, கைதான் பிடிக்கிறது என்று இவருக்கு யார் விளக்குவது?

பிப்ரவரி 18. செவ்வாய்

எந்திரத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். ஜாடி அச்சை விளிம்பு வரை நிரப்பி அதன் மேல் வைத்தேன். இத்தனை வருஷத்தில் அதை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. எந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பிளாஸ்டர் நிறுக்க ஆகும்.

வீட்டுக்கு வந்து, காலண்டரில் இவர் என் எடையை எழுதும் கட்டத்தில், சிவப்புப் பேனாவால் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "யாரு இது இருவத்திரெண்டு?"

"ஜாடி" என்றேன். "சோறு போடவா?"